ஒளியைக் கற்ற மாணவன்

பங்குப் பணியில் ஆண்டுதோறும் பலமுறை நமக்கு நேரும் ஓர் அனுபவம் உண்டு. ஓர் இல்லத்தில் முதியவர் ஒருவர் இறைவனடி சேர்ந்துவிட்டார் எனச் செய்தி வருகின்றது, செபிக்கச் செல்கின்றோம். அழுகை சற்றே ஓய்ந்த வேளையில், வீட்டின் ஒரு மூலையில் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் கூடி எதையோ பரபரப்புடன் தேடிக்கொண்டிருப்பதைக் காண்கின்றோம். அவர்கள் தேடுவது பணமன்று, பத்திரமுமன்று. இறந்தவரின் முகம் தெளிவாகத் தெரியும் ஒரு படம்! மாலையிட்டு வைப்பதற்கும், முப்பதாம் நாள் நினைவுத் திருப்பலிக்கான அட்டையில் அச்சிடுவதற்கும் ஒரு படம் வேண்டும். பெட்டிகளைக் கவிழ்த்துக் கைபேசிகளைத் துழாவிய பின் இறுதியில் கிடைப்பது என்ன? வாக்காளர் அடையாள அட்டையிலுள்ள மங்கலான படம். அல்லது எவர் திருமணத்திலோ எடுத்த கூட்டப் படத்தின் ஓர் ஓரம்.

எழுபது, எண்பது ஆண்டுகள் இப்பூமியில் வாழ்ந்து, உழைத்து, பிள்ளைகளைப் பெற்று வளர்த்து, செபமாலை உருட்டி உருட்டிக் காய்த்துப்போன கைகளோடு கண்மூடிய ஒருவரை, தக்க ஒளியில் அமர்த்தி, ஒருமுறையேனும் பொறுமையாகப் பார்த்தவர் எவரும் இல்லையே என்ற எண்ணம் அப்போதெல்லாம் நம்மை வருத்துவதுண்டு.

அத்தகைய ஓர் அடக்கச் சடங்கு முடிந்த மறுவாரம், நம் பங்கைச் சேர்ந்த கொத்தனார் ஒருவர் நம்மைத் தேடி வந்தார். அவருடைய மகன் பன்னிரண்டாம் வகுப்பில் நல்ல மதிப்பெண்களுடன் தேறியிருந்தான். ஆனால் பொறியியலும் வேண்டாம், வணிகவியலும் வேண்டாம், மனித முகங்களைப் படம் எடுக்கும் கலையைக் கற்கப்போகின்றேன் என்று பிடிவாதமாக நிற்கின்றானாம். “சாமி, படம் பிடிக்கிறதெல்லாம் ஒரு படிப்பா? கல்யாண வீட்டுல வெளிச்சத்தைத் தூக்கிக்கிட்டு நிக்கவா இவனைப் படிக்க வெச்சேன்? நீங்க ஒரு வார்த்தை சொன்னாக் கேட்பான்” என்று அவர் மனம் நொந்து கேட்டார்.

இக்கேள்வி நமக்குப் புதிதன்று. ஏறத்தாழ இருபது ஆண்டுகளுக்கு முன், வேறொரு பங்கில், வேறொரு தந்தை இதே கேள்வியுடன் வந்தார். அன்று நாம் சற்றும் சிந்தியாமல், “அது சோறு போடாது” என்று சொல்லி அனுப்பிவிட்டோம். அப்பையன் நாம் சொன்ன படிப்பில் சேர்ந்து, இரண்டாம் ஆண்டிலேயே அதனை விட்டுவிட்டான். பின்னர் எந்தப் படிப்பிலும் அவன் மனம் ஒட்டவில்லை. அவனை நினைக்கும்போதெல்லாம் நம் நெஞ்சில் ஒரு முள் தைக்கின்றது. எனவே இம்முறை கொத்தனாரிடம் பத்து நாள் அவகாசம் கேட்டோம். அந்தப் பத்து நாட்களில், இக்கலையை மாணவனாக இருந்து முறையாகக் கற்ற ஒரு மனிதரின் வாழ்க்கையைத் தேடிப் படித்தோம். அவர் பெயர் யூசுப் கார்ஷ். அவ்வரலாற்றையே இங்கே வாசக அன்பர்களுடன் பகிர்ந்துகொள்ள விழைகின்றோம்.

கல்லை எறியாத சிறுவன்

இன்றைய துருக்கி நாட்டின் தென்கிழக்கே மார்தின் என்றோர் ஊர் உண்டு. அங்கே 1908ஆம் ஆண்டு டிசம்பர் 23ஆம் நாள், ஆர்மீனியக் கிறிஸ்தவக் குடும்பமொன்றில் கார்ஷ் பிறந்தார். அவர் சிறுவனாய் இருந்தபோதே, 1915இல், ஆர்மீனிய மக்கள்மீது பெருங்கொடுமை கட்டவிழ்த்து விடப்பட்டது. உறவினர் சிறைப்பட்டனர், பட்டினியும் நோயும் ஊரை வாட்டின. சகோதரி ஒருத்தியை விஷக்காய்ச்சலுக்குப் பலிகொடுத்தது அக்குடும்பம்.

அந்நாட்களில் நடந்த ஒரு நிகழ்ச்சியைக் கார்ஷ் தம் முதுமையிலும் மறவாமல் கூறிவந்தார். பள்ளியிலிருந்து திரும்பும் வழியில் சில பையன்கள் அவருடைய கோலிக்குண்டுகளைப் பறிக்க முயன்று, கல்லால் அடித்தனர். நெற்றியில் இரத்தம் வழிய வீடு வந்த சிறுவன், இனிமேல் தானும் கல்லெடுத்துச் செல்லப்போவதாகச் சூளுரைத்தான். தாய் அவனை அணைத்துக்கொண்டார். அவர்கள் செய்வது இன்னதென்று அவர்களே அறியார் என்றார். அப்படியும் எறிந்தே தீர்வதென்றால், கல் அவர்கள்மேல் படாதவாறு குறிதவறி எறி என்றும் அறிவுறுத்தினார். கல்வாரி மலையில் நம் ஆண்டவர் உரைத்த மன்னிப்பை, அத்தாய் தம் மகனுக்குப் பாலோடு புகட்டினார் என்றே நாம் கருதுகின்றோம்.

அதே தாய், கொடியவரால் கண்கள் சிதைக்கப்பட்ட ஓர் ஆர்மீனியச் சிறுமியைத் தம் இல்லத்தில் ஏற்று, இருந்த சிறிதளவு உணவையும் அவளுடன் பகிர்ந்துகொண்டார். கண்களுக்குப் பதிலாகக் கைகளால் உலகை அறிய அவளைப் பழக்கினார். இதனை வாசகர்கள் நினைவில் இருத்திக்கொள்ள வேண்டுகின்றோம். பின்னர் இதற்குத் திரும்புவோம்.

1922இல் அக்குடும்பம் உடைமைகளை இழந்து, வணிகக் கூட்டத்தோடு சேர்ந்து சிரியாவின் அலெப்போ நகருக்குத் தப்பிச் சென்றது. அங்கிருந்து, பதினாறு வயதளவில், மூத்த மகனான கார்ஷ் மட்டும் கனடாவில் வாழ்ந்த தாய்மாமன் ஜார்ஜ் நகாஷ் என்பவரிடம் அனுப்பப்பட்டார். மாமனுக்கு ஷெர்புரூக் என்னும் ஊரில் ஒரு படநிலையம் இருந்தது. மருமகனுக்கோ மருத்துவராக வேண்டுமென்பதே கனவு. ஆயினும் விடுமுறையில் மாமனுடைய நிலையத்தில் வேலைசெய்தபோது, சிறு காமிரா ஒன்றால் குழந்தைகள் விளையாடும் இயற்கைக் காட்சியொன்றை அவர் படமெடுத்தார். அதனை ஒரு பள்ளித் தோழனுக்குப் பரிசாகக் கொடுக்க, அவன் கார்ஷுக்குத் தெரியாமலே ஒரு போட்டிக்கு அனுப்பிவிட்டான். முதற்பரிசு 50 டாலர் கிடைத்தது. 10 டாலரைத் தோழனுக்குக் கொடுத்துவிட்டு, மீதி 40 டாலரை அலெப்போவிலிருந்த பெற்றோருக்கு அனுப்பிவைத்தார் அவ்விளைஞர். “அது சோறு போடாது” என்று அன்று நாம் சொன்னது இவ்விடத்தைப் படிக்கையில் நினைவுக்கு வந்து, வெட்கமுற்றோம்.

ஆசானின் சாளரம்

மருமகனிடம் மறைந்திருந்த திறமையைக் கண்டுகொண்ட மாமன், 1928இல் அவரை அமெரிக்காவின் பாஸ்டன் நகரிலிருந்த ஜான் காரோ என்னும் ஆசானிடம் அனுப்பினார். காரோவும் ஆர்மீனியரே, முகப்படக் கலையில் அக்காலத்தில் பெரும்பெயர் பெற்றவர். ஆறு மாதங்கள் கற்றுவரச் சென்ற கார்ஷ், மூன்று ஆண்டுகள் அங்கேயே தங்கிவிட்டார்.

அம்மூன்று ஆண்டுகளில் அவர் கற்றது என்ன? காரோவின் நிலையத்தில் மின்விளக்கு கிடையாது. வானத்தின் ஒளி மட்டுமே. பகல் சாய்ந்து ஒளி மங்கினால் அன்றைய வேலை முடிந்தது. எனவே மாணவர் முதலில் கற்றது காத்திருத்தலை. காலை ஒளிக்கும் மாலை ஒளிக்கும் உள்ள வேறுபாட்டையும், மேகம் மறைத்த கதிரவனின் ஒளி முகத்தை எவ்வாறு தடவிக் கொடுக்கின்றது என்பதையும் அவர் கண்ணாரக் கண்டு பழகினார். கரியும் பிளாட்டினமும் கொண்டு படங்களை அச்சிடும் நுண்ணிய முறைகளையும் பயின்றார்.

காரோ அத்துடன் நிறுத்தவில்லை. மாலை நேர ஓவிய வகுப்புகளுக்குச் செல்லுமாறு மாணவனை ஏவினார். ரெம்பிராண்ட், வெலாஸ்கஸ் ஆகிய பெரும் ஓவியரின் படைப்புகளை ஊன்றிப் பார்க்கச் சொன்னார். கார்ஷுக்கு ஓவியம் வரையக் கடைசிவரை கைவரவில்லை. ஆனால் ஒளியையும் அமைப்பையும் அவ்வோவியங்களிடமே கற்றதாக அவரே கூறியிருக்கின்றார். பாஸ்டன் பொது நூலகம் அவருக்கு இரண்டாவது வீடாயிற்று. மாலை வேளைகளில் காரோவின் நிலையத்தில் இசைவாணரும் நடிகரும் எழுத்தாளரும் கூடுவர். அவர்களுக்குப் பரிமாறிக்கொண்டே அவர்கள் பேச்சைக் கேட்டு நின்றார் அம்மாணவர். எதனைப் பதிவுசெய்ய விரும்புகின்றாய் என்பதை முதலில் உன் உள்ளத்தில் தெளிவாக்கிக்கொள். அது தோன்றும் கணத்தில் பதிவுசெய் என்பதே ஆசானின் போதனை.

கருவியைப் பற்றிய படிப்பு மட்டுமே இக்கலை என்று நினைப்பவர்கள் இதனைச் சிந்திக்க வேண்டும். ஒரு முகத்தை எடுக்கக் கற்க, மூன்று ஆண்டுகள் ஓவியமும் நூல்களும் மனிதருடைய பேச்சும் தேவைப்பட்டன.

நாடக மேடை தந்த பாடம்

கல்வி முடிந்ததும் கார்ஷ் கனடாவின் தலைநகராகிய ஒட்டாவாவுக்கு வந்தார். உலகத் தலைவர்கள் வந்துபோகும் ஊர் அது என்பதே அவர் அதனைத் தேர்ந்ததற்குக் காரணம். 1932இல் சொந்தமாக நிலையம் தொடங்கினார். ஆரஞ்சுப் பழப் பெட்டிகளின்மீது துணி போர்த்தி நாற்காலிகளாக்கினார். செயலாளருக்குக் கொடுத்த சம்பளத்தையே கடனாகத் திரும்ப வாங்கி வாடகை கட்டிய மாதங்களும் உண்டு.

அக்காலத்தில் ஒட்டாவா நாடகக் குழுவொன்று அவரைப் படமெடுக்க அழைத்தது. வானத்து ஒளியை மட்டுமே அறிந்திருந்த அவர், அங்கேதான் மின்விளக்குகளின் ஆற்றலை முதன்முதலாகக் கண்டு வியந்தார். இயக்குநர் கையசைத்தால் மேடையில் விடிகின்றது. மீண்டும் அசைத்தால் துயரம் கவிகின்றது. கதிரவனுக்காகக் காத்திருக்கக் கற்றவருக்கு, ஒளியை உருவாக்கவும் குறைக்கவும் கூட்டவும் முடியும் என்பது புதிய உலகமாய்த் திறந்தது. அந்நாடகக் குழுவிலேயே தம் வருங்கால மனைவியாகிய சொலாஞ்ச் அம்மையாரையும் அவர் சந்தித்தார் என்பது இனிய இணைச்செய்தி.

ஆனால் வெற்றி உடனே வந்துவிடவில்லை. கனடாவின் ஆளுநராக அப்போதிருந்த பெஸ்பரோ பிரபுவும் அவர் துணைவியாரும் படமெடுத்துக்கொள்ள வந்தபோது, இளைஞரான கார்ஷ் பதற்றத்தில் காமிராவின் குவியத்தைச் சரியாக அமைக்கத் தவறினார். படங்கள் பாழாயின. அவர்கள் பெருந்தன்மையுடன் மீண்டும் வந்து அமர்ந்தனர். இரண்டாம் முறை எடுத்த படங்கள் இலண்டன் இதழ்களில் வெளிவந்தன. தவறிய மாணவனுக்கு இரண்டாம் வாய்ப்பு அளித்த அந்தப் பெரிய மனிதர்களையும் நாம் பாராட்ட வேண்டாமா? பெற்றோரும் ஆசிரியரும் எண்ணிப்பார்க்கத் தக்க செய்தி இது.

ஒளியின் இலக்கணம்

இக்கலையைக் கற்கும் மாணவர் அறிய வேண்டிய அடிப்படை விதிகள் சிலவற்றை, நமக்கு விளங்கிய அளவில் இங்கே எடுத்துரைப்போம். இவற்றுக்குச் சான்று தேடித் தொலைதூரம் செல்ல வேண்டியதில்லை. பாஸ்கா திருவிழிப்பு இரவில் நம் ஆலயத்தில் விளக்குகள் அனைத்தும் அணைந்து, ஒரே ஒரு பாஸ்காத் திரி உள்ளே வருவதை நினைத்துக்கொள்ளுங்கள்.

திரியின் அருகில் நிற்பவரின் முகம் பளிச்சென்று துலங்குகின்றது. சிறிது தள்ளி நிற்பவர் முகம் மிகவும் மங்கிவிடுகின்றது. விளக்குக்கும் முகத்துக்கும் இடையேயுள்ள தூரம் இருமடங்கானால், ஒளி பாதியாகக் குறைவதில்லை. நான்கில் ஒரு பங்காகிவிடுகின்றது. 2 அடியில் இருந்த விளக்கை 4 அடிக்கு நகர்த்தினால் ஒளியில் முக்கால் பங்கு போய்விடும். ஸ்டூடியோவில் மாணவர் பயிலும் முதற்கணக்கு இதுவே.

இரண்டாவது, ஒளி எத்துணைப் பெரிய பரப்பிலிருந்து வருகின்றது என்பது. உச்சிவெயில் முகத்தில் கத்திபோல் நிழலை வெட்டுகின்றது. வானில் மேகம் படர்ந்தால் நிழலின் ஓரம் மென்மையாகின்றது. கதிரவன் பெரியதாயினும் நம் கண்ணுக்குச் சிறு வட்டமே. மேகம் மூடினாலோ வானம் முழுவதும் ஒரு விளக்காகிவிடுகின்றது. படக்கலைஞர்கள் விளக்கின் முன்னே வெள்ளைத் துணி கட்டுவதும், வெள்ளைக் குடையில் ஒளியைப் பாய்ச்சித் திருப்புவதும் இம்மேகத்தை அறைக்குள் கொண்டுவரும் உபாயங்களே.

மூன்றாவது, ஒளி வரும் திசை. திருவிழிப்பில் சிறுவர்கள் மெழுகுதிரியை மோவாய்க்குக் கீழே பிடித்திருக்கும்போது, அறிந்த முகமும் அறியாத முகமாய்த் தோன்றுவதைக் கண்டிருப்பீர்கள். இறைவன் படைத்த கதிரவன் மேலிருந்தே ஒளி தருவதால், கீழிருந்து வரும் ஒளி நமக்கு அந்நியமாகப் படுகின்றது. முகத்துக்கு நேர் எதிரே வைத்த விளக்கோ, மூக்கையும் கன்னத்தையும் தட்டையாக்கிவிடுகின்றது. விளக்கைப் பக்கவாட்டில் ஏறத்தாழ 45 பாகை விலக்கிச் சற்றே உயர்த்தினால், நிழல் விழும் கன்னத்தில் கண்ணுக்குக் கீழே சிறு முக்கோண ஒளித்துண்டு ஒன்று தோன்றும். ரெம்பிராண்டின் ஓவியங்களில் காணப்படுவதால் அதற்கு அவர் பெயரே நிலைத்துவிட்டது.

முதன்மை விளக்கு ஒன்றே கதிரவன். மற்றவை அதற்குத் துணை. நிழலைச் சற்றே இளக்க ஒரு துணை விளக்கோ வெள்ளை அட்டையோ போதும். தலைமுடியும் தோளும் பின்புற இருளில் கரைந்துவிடாதபடி பின்னிருந்து ஒரு மெல்லிய ஒளி; பின்திரைக்கு மற்றொன்று. நிழலை முற்றிலும் நீக்கிவிட வேண்டும் என்று விளக்குமேல் விளக்கு வைப்பது கற்றுக்குட்டி செய்யும் பிழை. நிழல் இல்லாத முகம் உருவமற்ற முகம். நம் முன்னோர் இக்கலைக்கு நிழற்படம் என்றும் ஒளிப்படம் என்றும் இரு பெயர் வைத்தனர். இரண்டும் உண்மையே. துன்பத்தின் நிழல் படாத வாழ்வுக்கு ஆழம் ஏது?

நிலையத்துக்கு வெளியே

ஸ்டூடியோவில் ஒளி நம் சொற்படி கேட்கும். வெளியிடத்திலோ அதற்கு நாம் பணிய வேண்டும். வீட்டின் சாளரத்திலிருந்து நீலம் கலந்த பகலொளி வரும். கூரையிலுள்ள பழைய குண்டுவிளக்கிலிருந்து மஞ்சள் ஒளி வரும். கண் இவ்வேறுபாட்டைப் பொறுத்துக்கொள்ளும், காமிரா பொறுக்காது. எனவே உள்ளே நுழைந்தவுடன், எந்த ஒளியை வைத்துக்கொள்வது, எதனை அணைப்பது என்று முடிவுசெய்வதே மாணவரின் முதல் வேலை.

வெளியிடத்துக்கு விளக்குகளைச் சுமந்து சென்று எடுத்த படமே கார்ஷை உலகறியச் செய்தது. 1941ஆம் ஆண்டு டிசம்பர் 30ஆம் நாள், போரின் உக்கிரத்துக்கு நடுவே, பிரிட்டிஷ் பிரதமர் சர்ச்சில் கனடா நாடாளுமன்றத்தில் உரையாற்றினார். கனடாப் பிரதமர் மெக்கன்சி கிங்கின் ஏற்பாட்டால், அவரைப் படமெடுக்கக் கார்ஷுக்கு வாய்ப்பு வாய்த்தது. முந்தின இரவே சபாநாயகரின் அறைக்குத் தம் விளக்குகளையும் பெரிய காமிராவையும் கொண்டுசென்று, எல்லாவற்றையும் அமைத்துவைத்துக் காத்திருந்தார். உரை முடிந்து வந்த சர்ச்சிலுக்கோ, படமெடுக்கப் போவதாக எவரும் முன்கூட்டிச் சொல்லவில்லை! சினத்துடன் சிறிது நேரமே தருவதாகக் கூறி, வாயில் சுருட்டுடன் நின்றார். சாம்பல் கிண்ணத்தை நீட்டியும் அவர் சுருட்டை எடுக்கவில்லை. கார்ஷ் அருகில் சென்று, மன்னிப்புக் கேட்டவாறே அதனை மெல்ல எடுத்துவிட்டுத் திரும்பினார். அக்கணம் சர்ச்சிலின் முகத்தில் பொங்கிய சீற்றமே, பகைக்கு அஞ்சாத ஒரு நாட்டின் உறுதியாக உலகெங்கும் பேசப்பட்டது. 2016இல் இங்கிலாந்து வங்கி வெளியிட்ட ஐந்து பவுண்டுத் தாளிலும் அம்முகமே அச்சாயிற்று.

சுருட்டைப் பிடுங்கிய துணிச்சலையே பலரும் வியப்பர். நாம் வியப்பது முந்தின இரவை. ஆளில்லா அறையில், வராத மனிதருக்காக விளக்குகளைத் திருத்தித் திருத்தி வைத்த அந்த இரவு இல்லாதிருப்பின், அக்கணம் வந்தும் பயனின்றிப் போயிருக்கும். எண்ணெயோடு காத்திருந்த கன்னியரின் உவமையை நாம் எத்தனையோ முறை பீடத்திலிருந்து விளக்கியிருக்கின்றோம். அதற்கு இதைவிடப் பொருத்தமான சான்று நமக்கு அகப்பட்டதில்லை.

இப்படத்துக்குப் பிற்காலத்தில் நேர்ந்த ஒன்றையும் சொல்லத்தான் வேண்டும். ஒட்டாவாவில் ஒரு விடுதியின் சுவரில் கார்ஷ் கையொப்பமிட்ட இதன் பிரதி தொங்கிக்கொண்டிருந்தது. 2021ஆம் ஆண்டின் இறுதியிலோ 2022ஆம் ஆண்டின் தொடக்கத்திலோ ஒருவன் அதனைத் திருடிவிட்டுப் போலிப் பிரதியொன்றை மாட்டிச் சென்றான். 2022 ஆகஸ்டு மாதம் வரை அவ்வழியே போய்வந்தோர் எவரும் அதனைக் கண்டுகொள்ளவில்லை! பின்னர், 2024இல் அது இத்தாலியிலிருந்து மீட்கப்பட்டது. உலகப் புகழ்பெற்ற முகத்தையே நாம் பாராது கடந்துபோகின்றோம் என்றால், வீட்டுத் திண்ணையில் அமர்ந்திருக்கும் பாட்டியின் முகத்தைப் பற்றி என்ன சொல்வது?

காணாதவர் கண்ட ஒளி

புகழின் உச்சிக்குச் சென்ற பின்னும் கார்ஷ் மாணவராகவே இருந்தார். 1954இல் தென்பிரான்சின் பிராத் நகரருகே, பழமையான துறவுமடமொன்றில், செல்லோ இசைமேதை பாப்லோ கசால்ஸைச் சந்தித்தார். கசால்ஸ் வாசிக்கத் தொடங்கியதும், இசையில் கரைந்த கார்ஷ் சிறிது நேரம் தம் வேலையையே மறந்தார். பின்னர் தம் வழக்கத்துக்கு மாறாக, முகத்தைக் காட்டாமல் முதுகுப்புறமிருந்தே படமெடுத்தார். வெறுங்கற்சுவர்; உயரத்தில் ஒரு சிறு சாளரம்; கீழே இசையோடு தனித்திருக்கும் மனிதர். அவ்வளவே. இப்படம் பாஸ்டன் அருங்காட்சியகத்தில் வைக்கப்பட்டிருந்தபோது, முதியவர் ஒருவர் நாள்தோறும் வந்து அதன்முன் நெடுநேரம் நிற்பாராம். ஏன் என்று ஊழியர் வினவ, தாம் இசை கேட்டுக்கொண்டிருப்பதாகச் சொல்லி அவரை அமைதியாயிருக்கச் செய்தாராம். கார்ஷ் மகிழ்வுடன் கூறிவந்த நிகழ்ச்சி இது.

1948இல் அவர் ஹெலன் கெல்லர் அம்மையாரைப் படமெடுத்தார். பார்வையும் செவிப்புலனும் இல்லாத அவ்வம்மையார், தம் விரல்களால் கார்ஷின் முகத்தைத் தடவி அவரை அறிந்துகொண்டார். முகங்களைப் படிப்பதையே தொழிலாகக் கொண்டவரின் முகத்தை, கண்ணில்லாதவர் கைகளால் படித்தார்! கார்ஷ் அவரை எடுத்தபோது, முகத்தோடு கைகளுக்கும் ஒளி தந்தார். மார்தினில் தம் தாய் வளர்த்த, கண்ணிழந்த அச்சிறுமியின் கைகள் அவர் நினைவில் எழுந்திருக்கும் என்றே நமக்குத் தோன்றுகின்றது. கார்ஷின் படங்களில் கைகள் முகத்துக்கு இணையாகப் பேசும் என்று கலையறிந்தோர் கூறுவர். அதன் வேர் எங்கே இருக்கின்றது என்பதை இனி நாம் விளக்க வேண்டியதில்லை.

கத்தோலிக்கராகிய நமக்கு மகிழ்ச்சி தரும் செய்தி ஒன்றும் உண்டு. ஆயர் ஃபுல்டன் ஷீன் திருப்பலி நிறைவேற்றுவதை ஒவ்வொரு கட்டமாகக் கார்ஷ் படமெடுக்க, அப்படங்களோடு 1958இல் திருப்பலியைப் பற்றிய நூலொன்று வெளிவந்தது. உரோமை நகரையும் திருநாட்டையும் பற்றிய நூல்கள் அதனைத் தொடர்ந்தன. 1992இல் தம் நிலையத்தை மூடிய கார்ஷ், 2002 ஜூலை 13ஆம் நாள் தாம் மாணவராய் இருந்த பாஸ்டன் நகரிலேயே காலமானார். கல்லடி பட்ட சிறுவன், பிறர் முகங்களில் பெருமையைத் தேடியே அறுபது ஆண்டுகள் கழித்தான். குறிதவறி எறியச் சொன்ன தாயின் கல்வி வீண்போகவில்லை.

கொத்தனாருக்கு நாம் சொன்னது

பத்தாம் நாள் தந்தையும் மகனும் வந்தனர். “படிக்கட்டும், ஆனால் முழுமையாகப் படிக்கட்டும்” என்றோம். மகனிடம் மூன்று நிபந்தனைகள் விதித்தோம். முதலாவது, விலையுயர்ந்த விளக்கு எதுவும் வாங்குவதற்குமுன், ஒரு சாளரம், ஒரு நாற்காலி, ஒரு வெள்ளை அட்டை இவற்றை மட்டுமே வைத்து ஆறு மாதம் பழக வேண்டும். இரண்டாவது, கருவிகளைப் பற்றிப் படிக்கும் நேரத்துக்கு ஈடாக, நல்ல ஓவியங்களையும் நூல்களையும் மனிதரின் பேச்சையும் நாட வேண்டும். மூன்றாவது, மாதம் ஒருமுறை நம் பங்கிலுள்ள முதியவர் ஒருவரை அவர் வீட்டிலேயே அமர்த்திப் படமெடுத்து, அச்சிட்டு, இலவசமாக அவர் கையில் கொடுக்க வேண்டும். சுருக்கங்களை அழித்து முகத்தை மெழுகுபோலாக்கும் கைபேசி வித்தைகள் கூடாது. அச்சுருக்கங்களை உண்டாக்க அவர் பல ஆண்டுகள் உழைத்திருக்கின்றார்; அவற்றை அழிக்க நமக்கு உரிமையில்லை.

பையன் தலையசைத்துச் சென்றான். தந்தை அரைமனத்துடன் சென்றார்.

இரு மாதம் கழித்து, ஞாயிறு திருப்பலி முடிந்ததும் அக்கொத்தனார் ஓர் உறையுடன் நம்மிடம் வந்தார். உள்ளே ஒரு படம். வேலை முடிந்து வந்து, வாசற்படியில் அமர்ந்திருக்கும் அவரே அதில் இருந்தார். கதவுப் பக்கமிருந்து மாலையொளி விழ, முகத்தின் ஒரு பாதி துலங்கிற்று. மறு பாதி நிழலில் அமைதி கொண்டிருந்தது. மடிமீது சிமெண்டு படிந்து வெடித்த இரு கைகள். அவர் படத்தையே பார்த்துக்கொண்டு, “சாமி, நான் இப்படியா இருக்கேன்?” என்று கேட்டார். வருத்தத்தில் கேட்கவில்லை. தம்மை ஒருவன் இவ்வளவு நேரம் பார்த்திருக்கின்றான் என்ற வியப்பில் கேட்டார். பதில் சொல்ல நமக்கு நா எழவில்லை. மனிதனைத் தம் சாயலாகப் படைத்த இறைவன், நம் ஒவ்வொருவரையும் இவ்வாறே பார்க்கின்றார் என்பது அன்று நமக்கு விளங்கிற்று.

அன்புக்குரிய குடும்பத்தாரே! உங்கள் இல்லத்தில் முதியவர் இருக்கின்றாரா? இன்று மாலையே அவரைச் சாளரத்தருகே அமர்த்துங்கள். கூரை விளக்குகளை அணைத்துவிடுங்கள். அவர் முகத்தை ஒளியின் பக்கம் சற்றே திருப்பச் சொல்லிவிட்டு, அவர் இளமைக் கதையைக் கேளுங்கள். கைபேசியே போதும்; அவசரம் வேண்டாம். அடக்க நாளன்று தேட வேண்டியிருக்காத ஒரு படம் உங்களுக்குக் கிடைக்கும். அதனினும் மேலாக, அவர் உயிரோடிருக்கும்போதே அவர் முகத்தைப் பார்த்த பேறு உங்களுக்குக் கிட்டும்.